கேள்விக்குறி போட்ட கீறு

கல்குடாவில் முகில் மூடினது ஆறே முக்காலுக்கு.
கச்சான் காலத்தில் மழை வராது என்று
கச்சேரியில் கேட்டு எழுதிக்கொண்டு வந்தவர்கள்
கமராக்களுக்கு மேலே படங்கை இழுத்துவிட்டு
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.
ஒருவர் தொப்பியைக் கழற்றி மணலில் எறிந்தார்.
ஆறு கப்பல் பெட்டி கண்ணாடி கொண்டுவந்தவர் அவர்.

எங்கள் கொட்டில் மட்டும் பேசாமல் வேலை செய்தது.
எங்கள் என்கிறேன்;
நான் வாழைச்சேனைத் தபாற்கந்தோரில் தந்தி அடிக்கிறவன்,
பத்து விநாடிக்கொரு தரம் ஒரு பொத்தானை அமர்த்த
மூன்று நாள் லீவில் வந்தவன்.
கம்பிவலைக் கிண்ணம் முகிலைப் பார்த்தபடி நின்றது.
"கண்ணுக்குத்தான் முகில்" என்றார் மிஸ் அழகரெத்தினம்,
ஊசிக்கு மை ஊற்றிக்கொண்டே.

முதல் நாள்
ஓட்டமாவடிக்குப் போயிருந்தேன்,
மீராலெவ்வை ஹாஜியாரின் நெல்லு மில்லுக்கு.
காலையில் மூன்று மணித்தியாலம் நிற்பாட்ட வேண்டும்.
"ஏன் தம்பி, சூரியனுக்கு நம்மட மில்லுச் சத்தம் ஒத்துவராதா?"
மோட்டரில் பறக்கிற சின்னப் பொறியும்
எங்கள் தாளில் வந்து இருமும் என்றேன்.
கணக்குக் கொப்பியை மூடினார்.
"கிரகணத் தொழுகைக்கு நான் பள்ளியில நிப்பன்.
மில்லும் நிக்கட்டும். காசு கதைக்க வேணாம்."
பஸ்காரன் கதைத்தான். இரண்டு ரூபா.

ஏழு மணிக்குப் பிறகு ஊசி இறங்கத் தொடங்கியது,
முகத்துவாரம் வெட்டின அன்று
வாவி இறங்குகிற மாதிரி, அவசரமில்லாமல்.
காகங்கள் தென்னைக்குத் திரும்பின.
ஊருக்குள்ளே தாம்பாளத்தில் உலக்கை நிறுத்துகிறார்கள் என்று
லொறிக்காரப் பெடியன் ஓடிவந்து சொன்னான்.
நின்றதா என்று யாரும் கேட்கவில்லை.
பிறகு மேற்கே இருந்து இருட்டு
மணலில் ஏறி, எங்களில் ஏறி, கடலில் ஏறியது.

நான் பூச்சியத்துக்குக் காத்திருந்தேன்.
விழுங்கினால் விழுங்கினதுதானே.
ஊசி பத்தில் இரண்டு பங்கு உயரத்தில் வந்து
நின்றுவிட்டது.
நின்றபடியே எழுதியது.
சந்திரன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது:
நாங்கள் தினமும் காண்கிற வட்டத்தை
ஒரு மயிரிழை மிச்சமில்லாமல் மூடியது.
அந்த வட்டத்துக்கு வெளியே பரந்து கிடந்த
மற்றச் சூரியனுக்கு
மூடி காணாமல் போயிற்று.
"பாருங்க, மூடிக்கு வெளியிலயும் கொதிக்குது"
மிஸ் இருட்டுக்குள் சொன்னார், யாருக்கென்றில்லாமல்.

அப்போதுதான் பிழைவிட்டேன்.
மணிக்கூட்டு முள் தெரியவில்லை.
கூடாது என்று சொல்லியிருந்தார்கள், தெரியும்.
சேட்டுப் பைக்குள் கிடந்த டோச்லைற்றை
ஒரே தரம், அரை விநாடி, அமர்த்தினேன்.
ஊசி துள்ளி விழுந்தது.
தாளில் ஒரு கீறு. நெல்லுமுனை அளவு.

வெளிச்சம் வந்தது. சேவலொன்று வெட்கமில்லாமல் கூவியது.
கமராக்காரர்கள் பெட்டிகளுக்கு ஆணி அடித்தார்கள்.
மிஸ் தாளை மேசை நீளத்துக்கு விரித்து
அந்தக் கீறுக்குப் பக்கத்தில்
பென்சிலால் கேள்விக்குறி போட்டார்.
"விளிம்பில ஏதோ வெடிச்சிருக்கலாம்."
அந்தக் குரலில் ஆசை இருந்தது.
தந்தி அடிக்கிறவனுக்கு அது உடனே கேட்கும்.
கேட்டதால்
பகல் சோறு இறங்கவில்லை.

பிறகு போய்ச் சொன்னேன்.
ஒன்றும் கதைக்கவில்லை.
டோச்லைற்றை வாங்கினார், பெட்டியைத் திரும்பப் போட்டார்,
அமர்த்தினார். துள்ளியது.
இன்னொரு தரம். துள்ளியது.
கேள்விக்குறியை அழிக்காமல்
அதற்குக் கீழே எழுதினார்:
தந்தி அரசரெத்தினம், இரண்டு பற்றறி.
எழுதின பிறகுதான் சிரிப்பு வந்தது அவருக்கு,
ஓட்டமாவடிப் பக்கம் மில் ஓடத் தொடங்க.

அந்தத் தாள் இப்போது எந்த அலமாரியிலோ.
விரித்தால் ஒரு முழு மேசைக்கு வரும்.
அதில் கிடக்கிற எல்லாம்
எட்டு நிமிஷம் முன்னம் சூரியனை விட்டுக் கிளம்பினவை,
ஒன்றைத் தவிர.
அது மூன்றடி தூரத்தில் இருந்து வந்தது.